அம்பாசடரில் பழைய டுவெல் மீட்டர்: 8 சிலிண்டர் ஸ்கேலை வைத்து 4 சிலிண்டரைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய அம்பாசடர் வைத்திருக்கிறேன். வேலூருக்குள் ஒழுங்காக ஓடுகிறது. ஏலகிரி ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது, லேசாக நாக்கிங்கும் கேட்கிறது. சமீபத்தில் சி.பி. பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) மாற்றினோம்; மெக்கானிக் ஹேக்ஸா பிளேடை நுழைத்துப் பார்த்து செட் பண்ணினார். பழைய அமெரிக்க டியூன்-அப் மீட்டர் (டுவெல், ஆர்.பி.எம். காட்டும் கருவி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதில் 6, 8 சிலிண்டர் ஸ்கேல்தான் இருக்கிறது. இது என் வண்டிக்கு உதவுமா? (வாசகர், காட்பாடி)

பதில்: தாராளமாக உதவும். ஆனால் முதலில் அந்த ஹேக்ஸா பிளேடைக் கவனிக்க வேண்டும். சாதாரண பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.65 மி.மீ. உங்கள் வண்டியின் ஸ்பார்க் பிளக் இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் பிளக்குக்கு அந்த வழக்கம் பழுதில்லை. லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்) பாயிண்டுக்கு வேண்டியதோ 0.35 முதல் 0.40 மி.மீ. பிளேடு அளவுக்குத் திறந்து வைத்தால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைந்துவிடும். ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் முழுதாகச் சார்ஜ் ஆகாது. சமதளத்தில் மெதுவாகப் போகும்போது இது தெரியாது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இன்ஜினை முறுக்கும்போதுதான் காயிலுக்கு நேரம் போதாமல் ஸ்பார்க் பலவீனமாகி மிஸ் அடிக்கும்.

நாக்கிங்கும் இதிலிருந்தே வரலாம். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறக்கும், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) முன்னால் போய்விடும். பாயிண்ட் மாற்றிய பிறகு டைமிங்கைத் தொடாமல் விட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் சுழலும் கோணத்தைத்தான் டுவெல் என்கிறோம். ஷாஃப்டின் ஒரு சுற்றான 360 டிகிரியில், 4 சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 90 டிகிரி, 6-ல் 60, 8-ல் 45. ஆகவே 8 சிலிண்டர் ஸ்கேலில் வரும் எண்ணை 2-ஆல் பெருக்குங்கள். 6 சிலிண்டர் ஸ்கேல் என்றால் ஒன்றரையால். ஆர்.பி.எம். ஸ்கேலுக்கும் இதே கணக்குதான்: 8-ல் 350 காட்டினால் உண்மையில் 700. உங்களுக்கு வேண்டிய டுவெல் 60, மூன்று டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 8 சிலிண்டர் ஸ்கேலில் முள் 30-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 24 காட்டினால் உங்கள் டுவெல் 48, பிளேடுதான் குற்றவாளி.

மாட்டுவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். நெகட்டிவ் எர்த் என்றால் மீட்டரின் சிவப்பு கிளிப்பை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறு ஒயர் முனையிலும் (சில காயில்களில் சி.பி. என்றும் சிலவற்றில் மைனஸ் என்றும் இருக்கும்), கறுப்பை இன்ஜினிலும் மாட்டுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இரண்டையும் மாற்றி மாட்டுங்கள். காயிலின் நடுவில் இருக்கும் தடித்த ஒயர் பக்கம் எந்த கிளிப்பும் போகக் கூடாது.

பழைய மீட்டரின் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே பேட்டரி போடும் இடம் இருந்தால் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் எதுவும் மாட்டாமல், முகப்பில் உள்ள சிறு திருகால் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மீட்டரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் 8 சிலிண்டர் ஸ்கேலில் முள் கடைசி 45-க்குப் போக வேண்டும், திறந்திருக்கையில் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மூடியிருந்தும் 45-ஐத் தொடவில்லை என்றால் மீட்டர் கோளாறாக இருக்கலாம், பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் படலமும் இருக்கலாம். புது பாயிண்டில் அந்தப் படலம் சகஜம், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும். இந்தச் சோதனையைச் சட்டென்று முடித்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனிலேயே கிடந்தால் காயில் கொதிக்கும், அதுவும் வேலூர் மே மாத வெயிலில்.

செட் பண்ண: கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் மேலே. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் கழற்றி, காயிலின் நடு ஒயரை இன்ஜினில் எர்த் பண்ணிவிடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் பாயிண்ட் பிளேட்டின் திருகைச் சற்றுத் தளர்த்தி, பக்கத்துப் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்புங்கள். இடைவெளி குறைந்தால் டுவெல் கூடும். 30 வந்ததும் திருகை இறுக்கி மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்துவிடும். எல்லாவற்றையும் மாட்டி ஐடிலில் ஒரு தடவை உறுதிப்படுத்துங்கள்.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஓஸைக் கழற்றி வாயை அடைத்து, இன்ஜினை ஐடிலிலிருந்து 2000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள் (ஸ்கேலில் 1000). உண்மையான டுவெல் மூன்று டிகிரிக்கு மேல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பாயிண்டை எத்தனை முறை செட் பண்ணினாலும் பலன் இருக்காது.

டுவெல் முடிந்த பின்தான் டைமிங். டுவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் கிராங்கில் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தங்கும். 48-ஐ 60 ஆக்கினால் 12 டிகிரி. டைமிங் லைட் இல்லாவிட்டால் காயிலின் அதே சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்ப் ஒன்றை மாட்டி, பாயிண்ட் திறக்கும் நொடியில் எரிகிறதா என்று பார்க்கலாம்.

பாயிண்டைத் திறக்கும் கேமில் தீக்குச்சித் தலை அளவு கிரீஸ் தடவ மறக்காதீர்கள். காய்ந்த கேம் பாயிண்டின் ஃபைபர் கட்டையைச் சீக்கிரம் தின்றுவிடும், இடைவெளி குறைந்து டுவெல் ஏறிக்கொண்டே போகும். புதுப் பாயிண்டில் கட்டை படியும் வரை இது எப்படியும் கொஞ்சம் நடக்கும், அதனால் 500 கி.மீ. ஓடியதும் மீட்டரை மறுபடி மாட்டுங்கள்.