கழுத்து வலி: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்கள்

இந்த முறை எழுதியவர்களில் பாதிப்பேர் வயதைச் சொல்லவில்லை. வயது, தொழில், வலி எத்தனை நாளாக, கைவிரல் மரக்கிறதா என்ற நான்கும் தெரியாமல் கழுத்துக்குப் பதில் சொல்ல முடியாது. தயவுசெய்து எழுதுங்கள்.

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்கு நகாசு வேலை செய்கிறேன். வயது 44. சாயங்காலம் ஆனால் பிடரி இறுகிவிடுகிறது. காலர் போடலாமா?

வேண்டாம். தலை சுமார் 5 கிலோ; நன்றாகக் குனிந்தால் கழுத்து 25 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கிறது. சிலையை மேடை போட்டு உயர்த்துங்கள். அரை மணிக்கொரு முறை எழுந்து தோள்களைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். காலரை வாரக்கணக்கில் மாட்டினால் தசை தளர்ந்துபோகும், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாது.

எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு தேய்மானம் என்கிறார்கள். வயது 61. தலைசுற்றலுக்கு அதுதானே காரணம்? (மன்னார்குடி)

அநேகமாக இல்லை. 60 தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குப் படத்தில் தேய்மானம் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும்கூட. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுற்றினால் காது மருத்துவரைப் பாருங்கள். பிரஷர், சுகரையும் பார்த்துவிடுங்கள்.

பிடரிக்குக் கீழே எலும்பு துருத்துகிறது. கட்டியா?

ஏழாவது கழுத்தெலும்பு. எல்லோருக்கும் உண்டு.

ஆடிப்பெருக்கு அன்று என் மகன் (17) வாய்க்கால் மதகிலிருந்து தலைகீழாகக் குதித்தான். சுளுக்கு வழிப்பவரிடம் இரண்டு முறை காட்டினோம். பத்து நாளாகியும் கழுத்து வலி குறையவில்லை. என்ன தைலம் தடவலாம்? (திருவையாறு பக்கம்)

தைலத்தைக் கீழே வையுங்கள். மகனைப் படுக்கவைத்து, தலையைத் திருப்பவிடாமல், இப்போதே 108-ஐக் கூப்பிட்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தலைகீழாக விழுந்தவனுக்குக் கழுத்து வலித்தால், முறியவில்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை முறிந்ததாகவே நினைக்க வேண்டும். கைகால் அசைகிறதே என்று இருந்துவிடாதீர்கள். முறிந்த எலும்பு நகராமல் இருப்பதால்தான் அசைகிறது என்றால், அதை வழித்துவிடுவது எவ்வளவு ஆபத்து! பத்து நாள் எப்படிப் பொறுத்தீர்கள்?

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்கிறேன். புதுத்தண்ணீர் கலங்கலாக வரும், அடி தெரியாது. போன வருஷம் ஆளை முழுக்கிய இடத்தில் இந்த வருஷம் மணல்மேடு இருக்கும். மதகுக்கு அடியிலோ காங்கிரீட் தளம். தலை அதில் முட்டி நின்றதும் உடம்பின் வேகம் மொத்தமும் கழுத்தில் இறங்குகிறது. பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது எலும்புதான் நொறுங்கும். தண்டுவடம் நசுங்கினால் விரல், கால், சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் போகும். இன்னும் மேலே அடிபட்டால் மூச்சே நிற்கும். ஒரு நொடியில் படுக்கையில் விழுந்த பையன்களையும், அவர்களைப் புரட்டிப்போட்டே தோள் ஓய்ந்த அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். குதிக்க ஆசையா, இறங்கி ஆழம் பார்த்துவிட்டு, கால் கீழே இருக்கும்படி குதிக்கட்டும்.

அடிபட்டவனைக் கைகாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து பலகையில் ஏற்றுங்கள். மூச்சு இல்லையென்றால் மட்டும் முதலில் மூச்சைக் கவனியுங்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறேன். வயது 38. வலது நடுவிரல் மரத்துப்போகிறது.

விவரமாக எழுதியதற்கு நன்றி. கழுத்தில் ஏழாவது நரம்பு அழுந்தியிருக்கலாம். இரண்டு, மூன்று மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் இப்போதைக்கு மூட்டை வேண்டாம். சீசன் நேரத்தில் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சட்டை பட்டன் போடத் தடுமாறினாலோ, செருப்பு காலைவிட்டு நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள்.

எத்தனை தலையணை?

ஒன்று. பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நிரம்பினால் போதும்.

சலூனில் முடிவெட்டியதும் கழுத்தைச் சொடுக்கிவிடுகிறார். சுகமாக இருக்கிறது. தவறா? (கும்பகோணம்)

தவறு. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சட்டென்று முறுக்கினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் உங்களுக்கு வராது என்று யார் சொல்வது? நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, முடி மட்டும் போதும். கழுத்தைத் தொடாதீங்க."