மேல்மாடி அண்ணாவுக்கு, கடன் உங்களுக்கா?

கேள்வி: வயது 43. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளர். 14 வருடமாக வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். வங்கியில் வேலை செய்யும் மனைவிக்கு யாழ்ப்பாணக் கிளைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. எனக்கும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டு. மாதம் இரண்டு தடவை கொழும்புக்கு வரவேண்டும், 25,000 ரூபா போக்குவரத்துப் படி நின்றுபோகும். இருவருக்கும் இப்போது கையில் வருவது 2,95,000. வாடகை 95,000. கோண்டாவிலில் அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குப் போனால் அது முழுவதும் மிச்சம். அதை நம்பி 45 லட்சம் கடன் எடுத்து மேல்மாடி கட்ட யோசிக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா, "நீ தொடங்கு, பாதிக் காசு நான் தாறன்" என்கிறார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அறைகளை எயார்பிஎன்பி இணையத்தளத்தில் நாள் வாடகைக்கு விட்டால் கடன் தானாகக் கட்டுப்படும் என்றும் சொல்கிறார். ஏற்கனவே உள்ள தனிநபர் கடனில் 14 லட்சம் மிச்சம், மாதத் தவணை 52,000. மனைவியின் நகைகளில் ஒரு பகுதி அடகில். காணி 4 பரப்பு. காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது, பிரிக்கவில்லை. அண்ணா, நான், தங்கச்சி என்று மூன்று பேர். இரண்டு ஊர் வீட்டுச் செலவையும் ஒப்பிட்டு அனுப்பியிருக்கிறேன். என் கணக்குச் சரியா?

பதில்: கணக்காளருக்கு வரவு செலவு எழுதச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அலுவலகத்தில் இப்படி ஒரு தாளை யாராவது உங்கள் மேசையில் வைத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். கொழும்பின் வாடகையை ஒரு பக்கம் எழுதி, யாழ்ப்பாணத்துக்கு நேரே பூச்சியம் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய எண்களையே எடுப்போம். வெள்ளவத்தையில் வாடகை 95,000, மாடிக்குடியிருப்புப் பராமரிப்பு 9,000, மின்சாரமும் தண்ணீரும் 14,000, பிள்ளைகள் இருவரின் பாடசாலை வான் 18,000. எல்லாம் சேர்த்து 1,36,000. இனி யாழ்ப்பாணம். திருநெல்வேலியில் அல்லது கொக்குவிலில் ஒரு வீடு 40,000 என்று நீங்களே விசாரித்திருக்கிறீர்கள். கிணற்று மோட்டரோடு மின்சாரம் 10,000, குடிதண்ணீர் வாங்க 3,000, மோட்டார் சைக்கிள் பெற்றோல் 12,000. கொழும்புக்கு இரண்டு தரம் போய்வர பஸ் காசு 12,000, இரவு தங்க 10,000. நின்றுபோகும் படி 25,000. இந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் ஒப்பீட்டில் எழுதவே இல்லை. சம்பளத்தில் குறைவதும் செலவுதான். கூட்டினால் 1,12,000. வித்தியாசம் 24,000 ரூபா.

வாடகை கொடுக்காமல் அம்மாவோடு இருந்தால் 64,000 மிஞ்சும். அதற்கு மேலே ஒரு சதமும் இல்லை. நீங்கள் 95,000 என்று நம்பிக்கொண்டு 45 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடப் பார்க்கிறீர்கள்.

வருவது நல்லதா என்று கேட்டால், வாருங்கள். அம்மா தனியாக இருக்கிறார், மனைவிக்கு இடமாற்றம் கைக்கு வந்துவிட்டது. சின்னவர் நாலாம் வகுப்பு என்பதால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தின் நடுவில் பாடசாலை மாற்றாமல் இந்த வருட முடிவோடு மாற்றிவிடுங்கள். இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது நீங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் கடன் விபரம். 2019 இல் தங்கச்சியின் கலியாணத்துக்கு 10 லட்சம், ஐந்து வருடத் தவணை. ஒழுங்காகக் கட்டியிருந்தால் 2024 இல் முடிந்திருக்கும். பாதி கட்டுவதற்குள் தங்கச்சியின் மாப்பிள்ளையை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக் காசு என்று அதே கடனின் மேல் கூடுதலாக எடுக்கும் ஒரு டொப்-அப். பிறகு அம்மா வீட்டுக் கூரை ஓடு மாற்ற இன்னொரு டொப்-அப். இத்தனை வருடம் கட்டியபிறகு நிலுவை 14 லட்சம், எடுத்ததைவிடக் கூட. வட்டி 16 சதவீதம் என்கிறீர்கள். அப்படியென்றால் இந்த மாதம் நீங்கள் கட்டும் 52,000 இல் 18,600 க்கு மேல் வட்டிக்கே போகிறது.

டொப்-அப் என்று வங்கியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கும். தவணை பெரிதாகக் கூடாது, கால எல்லைதான் நீளும். தவணை கூடாததால் வீட்டில் ஒருவருக்கும் உறைக்காது. தங்கச்சிக்குத் தெரியாது, அண்ணாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குச் சொல்லவே மாட்டீர்கள். குடும்பத்தில் யாருக்குக் காசு தேவைப்பட்டாலும் உங்கள் கடன் கணக்கு மறுபடி திறக்கிறது. மேல்மாடியும் அந்த வரிசையில் நாலாவதுதான். இந்த முறை தொகை பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம்.

45 லட்சத்தைப் பார்ப்போம். காணி பிரிக்காததால் வீட்டுக்கடன் தர வங்கி மறுத்துவிட்டது, ஆகவே தனிநபர் கடன் என்கிறீர்கள். வங்கி ஏன் மறுத்தது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? உறுதிப் பத்திரம் தெளிவில்லாத காணியில் தன் காசைப் போட வங்கிக்கு விருப்பமில்லை. அதே காணியில் உங்கள் காசைப் போட உங்களுக்கு விருப்பம்.

14 சதவீதத்துக்கு ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,05,000. ஐந்து வருடத்தில் கட்டுவது 63 லட்சம், அதில் 18 லட்சம் வட்டி. பழைய தவணை 52,000 ஐயும் சேர்த்தால் மாதம் 1,57,000. படி நின்றபின் உங்கள் இருவரின் வருமானம் 2,70,000. மிஞ்சும் 1,13,000 இல் மின்சாரம், தண்ணீர், பெற்றோல், கொழும்புப் பயணம் என்று 47,000 போக, கையில் 66,000. அதில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்கும் ரியூசன் காசு கட்ட வேண்டும், அம்மாவின் மருந்து வாங்க வேண்டும். பிறகு ஆறாவது மாதம் வங்கியிலிருந்து டொப்-அப் அழைப்பு வரும். நீங்களும் ஓம் என்பீர்கள்.

வட்டி மாறும் வகையா, நிலையானதா என்றும் எழுதவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டை வங்கியில் வேலை செய்யும் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் இந்தத் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அடகில் இருப்பது அவருடைய நகை.

அண்ணாவின் பாதிக்கு வருகிறேன். 22½ லட்சம் எப்போது வரும், எந்தக் கணக்குக்கு வரும்? அவர் சொன்னது "நீ தொடங்கு" என்றுதான். அத்திவாரம் வெட்டி, மேசனுக்கும் சீமெந்துக்கும் காசு போகத் தொடங்கியபின் அங்கே வீட்டுக் கடன் வட்டி ஏறிவிட்டது, பிள்ளைக்குப் பல்கலைக்கழகச் செலவு என்று கதை வரலாம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அங்கே கட்ட வேண்டியவை இருக்கும். ஆனால் அவரால் நிறுத்த முடியும். பாதி எழும்பிய சுவரை வைத்துக்கொண்டு உங்களால் நிறுத்த முடியாது.

எயார்பிஎன்பி யோசனை இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. பலாலிக்கு விமானம் வரத் தொடங்கியதிலிருந்து வெறுமையாக உள்ள ஒவ்வொரு அறையும் ஹோட்டலாகத் தெரிகிறது சிலருக்கு. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் அறை நிரம்பும், உண்மை. ஆனால் உங்கள் அண்ணா குடும்பத்தோடு ஊருக்கு வருவதும் அதே ஆவணியில்தானே? குளிரூட்டி, சேர்ந்த குளியலறை எல்லாம் அவர்கள் வந்து தங்குவதற்குத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காசு கொடுக்கும் ஆட்கள் வரும் மாதத்தில் அறையில் அண்ணா இருப்பார். அவர் போனபின் மிச்சம் 11 மாதம் கோண்டாவில் ஒழுங்கைக்குள் யார் தேடிவந்து தங்கப்போகிறார்கள்? வந்தாலும் படுக்கை விரிப்பு மாற்றி, காலைச் சாப்பாடு கொடுப்பது யார்? உங்கள் அம்மாவா?

இனிக் காணி. அப்பா உயில் எழுதாமல் காலமானதால் உரித்து உங்கள் மூவருக்கும் உண்டு; அது முதுசமா (பரம்பரையாக வந்ததா) தேடியதேட்டமா (கலியாணத்துக்குப் பின் தேடியதா) என்பதைப் பொறுத்து அம்மாவின் பங்கும் மாறும். இந்த நிலையில் நீங்கள் கட்டும் மேல்மாடி உங்கள் தனிச் சொத்தாகாது. நாளைக்குப் பிணக்கு வந்து 1977 ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குக்குப் போனால், கட்டியதற்கு நட்டஈடு கேட்கலாம். கேட்டு முடிவதற்குள் சின்னவருக்குக் கலியாணமாகிவிடும். ஆகவே ஒரு கல்லும் வைப்பதற்கு முன்னம் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போங்கள். அண்ணா தன் சார்பில் இங்கே கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தைக் கனடாவிலிருந்தே எழுதி அனுப்பலாம், தூதரகத்தில் உறுதிப்படுத்தித் தருவார்கள். நில அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, மூவரும் சம்மதித்துப் பிரிவினை உறுதி முடித்துக்கொள்ளுங்கள். அண்ணாவின் பங்கை நீங்களே விலைக்கு வாங்குவதானால் முத்திரை வரியையும் கணக்கில் வையுங்கள்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம்.

உறுதி உங்கள் பெயருக்கு வந்தபின் வீடு பெருப்பிக்க வேண்டுமென்றால் அதே வங்கி வீட்டுக்கடன் தரும், கால எல்லையும் நீளமாக இருக்கும். அதுவும் பழைய கடன் முடிந்தபிறகு. இப்போதைக்கு அம்மா வீட்டில் இருக்கும் அறைகளோடு போய் இருங்கள். வளவுக்குள் இருக்கும் கழிப்பறையை வீட்டோடு சேர்க்க இரண்டு மூன்று லட்சம் போகும் என்றால், வெள்ளவத்தை வீட்டு முற்பணம் திரும்பி வரும்போது அதிலிருந்து செய்யுங்கள். ஆறு மாத வாடகை, 5,70,000 கொடுத்திருக்கிறீர்கள். முழுதாக வரும் என்று எண்ணாதீர்கள். சுவருக்குப் பூச, குளியலறைக் குழாய் மாற்ற என்று வீட்டுக்காரர் கழிப்பார். வீட்டை விடுவதாக எத்தனை மாதம் முன்னம் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பார்த்து, சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து வையுங்கள்.

மனைவிக்கு அம்மாவோடு ஒரே வீடு சரிவராது என்றால் 40,000 வாடகை தப்பில்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்களுக்கு அறை அறையாக விடுவதால் திருநெல்வேலியில் வாடகை கூடத்தான் இருக்கும். மானிப்பாய்ப் பக்கமும் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து, பெறாமகன் யாரோ வந்து வாடகை வாங்குகிற வீடென்றால் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் போகாதீர்கள். ஆவணியில் சொந்தக்காரர் வந்திறங்கி வீட்டைக் கேட்பார்.

மிச்சப்படும் காசு கடனுக்குப் போகட்டும். வாடகை வீட்டில் இருந்தாலும் 24,000 ஐத் தவணையோடு சேர்த்து மாதம் 76,000 கட்டினால், 34 மாதம் இழுக்கும் கடன் 21, 22 மாதத்தில் முடிகிறது. முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். அம்மா வீட்டில் இருந்தால் மிச்ச 40,000 ஐ முதலில் நகை மீட்க ஒதுக்குங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற வேலை இனி வேண்டாம்.

அண்ணாவிடம் எப்படிச் சொல்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கிழமையே வட்ஸ்அப்பில், தங்கச்சியையும் சேர்த்து ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணா, வங்கி உறுதி கேக்குது. காணி பிரிக்காமல் கட்டேலாது. நீங்கள் அற்றோணித் தத்துவம் அனுப்புங்கோ, நான் நொத்தாரிசைப் பாக்கிறன். உங்கட பாதிக் காசைக் கட்டத் தொடங்க முதல் அம்மான்ர கணக்குக்குப் போட்டு விடுங்கோ." காசு வந்தால் மறுபடி எழுதுங்கள், எவ்வளவு கட்டலாம் என்று அப்போது கணக்குப் பார்ப்போம். அடகுச் சீட்டில் உள்ள தவணைத் திகதியையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இந்த முறை அதை விட்டுவிட்டீர்கள்.