ஆனந்தர் கேட்க மறந்த கேள்வி

வணக்கம்,

ஆறு மாதமாக மத குருமார்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து வருகிறேன். எந்த மதமானாலும் கதை ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. முதல் மனிதர் எளிமையாக வாழ்கிறார். அவர் கண்மூடியதும் சீடர்கள் கட்டடம் எழுப்புகிறார்கள், சட்டம் போடுகிறார்கள், தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள். குரு நல்லவர், கெடுத்தது சீடர்கள்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று. இந்த வரலாறுகளில் யாரிடமும் ஒரு குறைகூட இல்லையே, அது எப்படி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

வணக்கம்.

நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரிடம் வந்தபோது அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

புத்தர் குசிநாராவில் கடைசிப் படுக்கையில் இருக்கிறார். தனக்குப் பிறகு சங்கம், அதாவது துறவிகளின் சபை, விரும்பினால் சிறு விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்று ஆனந்தரிடம் சொல்கிறார். எவையெல்லாம் சிறு விதிகள்? ஆனந்தர் கேட்கவில்லை. சாகக் கிடக்கும் ஆசிரியரின் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்!

பிறகு ராஜகிருகத்தில் 500 பிக்குகள் கூடுகிறார்கள். மகாகாசியபர் தலைமை. எது சிறு விதி என்பதில் ஆளுக்கொரு கருத்து. கடைசியில் காசியபர், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதில் எதையும் எடுக்கவும் வேண்டாம் என்கிறார். அவர் சொல்லும் காரணம்தான் முக்கியம். இப்போது விதிகளைத் தளர்த்தினால், 'அவர் சிதையின் புகை அடங்கும்வரைதான் இவர்கள் ஒழுக்கம்' என்று ஊர் பேசுமாம். குரு கொடுத்துவிட்டுப் போன சுதந்திரத்தை, குருவின் பெயர் கெடக்கூடாது என்பதற்காகவே சீடர்கள் வேண்டாம் என்கிறார்கள். இதை என்னால் துரோகம் என்று சொல்ல முடியவில்லை.

அதோடு நிற்கவில்லை. அதே சபையில் ஆனந்தர்மேல் ஒரு குற்றப்பட்டியல் வாசிக்கப்படுகிறது. சிறு விதிகள் எவை என்று கேட்கவில்லை, குருவின் அங்கியைத் தைக்கும்போது அதன்மேல் கால் வைத்தார், பெண்கள் சங்கத்தில் சேர அவரிடம் பரிந்து பேசினார்... இப்படிப் போகிறது. 'இதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உங்கள்மேல் உள்ள மதிப்பினால் ஒப்புக்கொள்கிறேன்' என்பதுதான் ஆனந்தரின் பதில். எப்படிப்பட்ட பதில், பாருங்கள்! இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் புத்தரின் பேச்சுகளை நினைவிலிருந்து சொல்லிக் காட்டியவர் இவர்தான். அந்தப் பேச்சுகளின் தொடக்கத்தில் வரும் 'இவ்வாறு நான் கேட்டேன்' என்பதில் உள்ள 'நான்' ஆனந்தர்தான் என்பது மரபு.

இதே தயக்கத்தை இஸ்லாமிய வரலாற்றிலும் பார்க்கலாம். நபிகள் நாயகம் 632இல் மறைந்தார். அதைத் தொடர்ந்து நடந்த யமாமா போரில் குர்ஆனை மனப்பாடம் செய்திருந்த பலர் கொல்லப்பட, அதை ஒரே ஏடாகத் திரட்ட வேண்டும் என்றார் நபியின் தோழர் உமர். நபிக்குப் பின் தலைமையேற்ற அபூபக்ர் உடனே சம்மதிக்கவில்லை. இறைத்தூதர் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது என்று கேட்டதாக ஹதீஸ் சொல்கிறது. பொறுப்பு கடைசியில் நபியின் எழுத்தராக இருந்த ஸைத் இப்னு ஸாபித்திடம் வந்தது. ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்றாராம் அவர்.

சரி, பிரான்சிஸ்கன் துறவிகள் சபையைத் தொடங்கிய, இத்தாலியின் அசிசி ஊர்ப் பிரான்சிஸுக்கு வருவோம். இங்கே உங்கள் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதல். சகோதரர்கள் பணத்தைக் கையால் தொடக்கூடாது, எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடாது என்றவர் பிரான்சிஸ். எங்கே தன் வார்த்தைகளுக்கு வேறு அர்த்தம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, விளக்கவுரையே எழுதக்கூடாது என்று இறுதி சாசனத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். இறந்தது 1226இல். 1228இல் புனிதர் பட்டம். மறுநாளே அசிசியில் பேராலயத்துக்கு அடிக்கல். 1230இல் போப் ஒன்பதாம் கிரகோரி, அந்தச் சாசனம் சபையைக் கட்டுப்படுத்தாது என்று ஆணையிட்டார். நான்கே ஆண்டுகள்தான்! இத்தனைக்கும் கிரகோரி பிரான்சிஸின் நண்பர். பல நாடுகளில் பரவி, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்ட சபையை வீடு வாசல் இல்லாமல் எப்படி நடத்துவது என்ற கேள்வி அவர் முன்னால் இருந்தது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது போய் முடிந்த இடத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை: பிரான்சிஸ் சொன்ன வறுமையை அப்படியே கடைப்பிடிப்போம் என்று பிடிவாதமாக நின்ற நான்கு பிரான்சிஸ்கன் துறவிகளை 1318இல் மார்செய் நகரில் எரித்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பிரான்சிஸின் முதல் வரலாற்றை எழுதியவர் செலானோ ஊர்த் தோமா. இளமையில் பிரான்சிஸ் ஊதாரியாகத் திரிந்ததை அவர் ஒளிக்காமல், கடுமையாகவே எழுதினார். பின்னாளில் சபைத் தலைவரான பொனவெந்தூர் எழுதிய வரலாற்றில் அந்த இளைஞன் நிறையவே சாதுவாகிவிடுகிறான். 1266இல் சபை கூடி, இனி பொனவெந்தூரின் நூல் போதும், பழைய வரலாறுகளை அழித்துவிடுங்கள் என்றது. செலானோவின் நூல் பிழைத்ததற்குக் காரணம், பிரதிகள் வேறு சபையினரின் மடங்களில் இருந்ததுதான். குறையே இல்லாத வரலாறு ஒன்று கையில் கிடைத்தால், அது எந்த ஆண்டு எழுதப்பட்டது, எழுதியவர் அப்போது என்ன பதவியில் இருந்தார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சீடர்களை நம்பவே நம்பாத ஒருவரும் இருந்தார். 216இல் பாபிலோனியாவில் பிறந்து, தன் பெயரிலேயே ஒரு மதத்தைத் தொடங்கிய மானி. புத்தரும் சரதுஷ்டரும் இயேசுவும் தங்கள் கையால் நூல் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் அவர்களுடைய போதனைகள் திரிந்துபோயின என்பது அவர் கணிப்பு. அதாவது, உங்கள் கேள்விதான்! ஆகவே தன் மத நூல்களைத் தானே எழுதினார். எழுத்தறியாதவர்களுக்கும் புரியட்டும் என்று சித்திர நூல் ஒன்றும் செய்தார். பாரசீகச் சிறையில் அவர் இறந்த பிறகும் மதம் பரவியது. பின்னாளில் கிறிஸ்தவப் புனிதரான அகஸ்டீன் இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் அதில்தான் இருந்தார். 8ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் உய்குர் அரசின் மதமாகக்கூட ஆனது. அப்புறம் மெல்ல மெல்ல அழிந்தது. அவர் அவ்வளவு கவனமாக எழுதிய நூல்களில் இன்று எதுவும் முழுதாக இல்லை, துண்டு துணுக்குகள்தான்.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் சாவோஆன் என்ற சிறு கோயிலில் மானியின் கற்சிலை ஒன்று இருக்கிறது. 1339இல் செதுக்கியது. அக்கம்பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அதை வணங்கி வந்திருக்கிறார்கள், புத்தர் என்று நினைத்து.