ஜெயித்த பாட்டும் நிலைத்த பாட்டும்

கேள்வி: இன்றைய டி.வி. பாட்டுப் போட்டிகளில் அழுகையும் ஆர்ப்பாட்டமும்தான் மிச்சம். 1960-களில் இத்தாலியில் நடந்த சான்ரெமோ விழாவில் திறமைக்கு மட்டும்தானே பரிசு கொடுத்தார்கள்? அந்தக் காலம் திரும்ப வருமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: திறமைக்கு மட்டும் என்று யார் சொன்னது உங்களுக்கு? 1966-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் அட்ரியானோ செலன்டானோ, மிலான் நகரில் தான் பிறந்த தெருவைப் பற்றிய பாட்டோடு மேடையேறினார். ஊர் ஓரத்துப் புல்வெளியில் விளையாடி வளர்ந்த பையன் நகரத்துக்குப் போகிறான். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தால் புல் இருந்த இடமெல்லாம் சிமெண்டு வீடு. 'இல் ரகாட்ஸோ தெல்லா வியா க்ளுக்' என்ற அந்தப் பாட்டை நடுவர்கள் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பினார்கள். இத்தாலி அதை இன்னும் மறக்கவில்லை. அந்த ஆண்டு முதல் பரிசு பெற்றது தொமெனிக்கோ மொதூன்யோவின் பாட்டு. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போய் ஒரு புள்ளிகூட வாங்காமல் வந்தது.

விதிமுறையில் கறாராக இருந்தார்கள், அதை ஒப்புக்கொள்ளலாம். 1964-இல் தொண்டை கட்டிப்போன பாடகர் பாபி சோலோ ஒலிப்பதிவுக்கு வாயசைத்தார் என்று போட்டியிலிருந்து விலக்கினார்கள். அவருடைய இசைத்தட்டோ பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

1967-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பாடகர் லூயிஜி தென்கோ, வயது 28. வயலை உழுது, மழை வருமா வெயில் அடிக்குமா என்று தினமும் வானம் பார்த்துப் பிழைத்து, ஒருநாள் போதும் என்று ஊரைவிட்டுக் கிளம்புகிறவனின் பாட்டு அவருடையது. பாடகி தாலிதாவும் அதையே பாடினார். முதல் சுற்றில் தோற்றது; தோற்றவற்றிலிருந்து ஒன்றை மீட்டெடுக்க உட்கார்ந்த குழுவும் வேறொரு பாட்டைத்தான் எடுத்தது. அந்த இரவு தென்கோ ஹோட்டல் அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். ரசிகர்களின் தேர்வையும் குழுவின் தேர்வையும் கண்டித்து ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். எந்தத் தோல்விக்கும் ஒரு உயிர் விலையாகக் கூடாது. ஆனால் விழாவை நிறுத்தினார்களா? இல்லை. இறுதிச் சுற்று நடந்தது, பரிசும் கொடுத்தார்கள். இந்தக் காலமா திரும்ப வர வேண்டும்?

சரி, சான்ரெமோவிடம் வாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. அங்கே போட்டி பாடகர்களுக்கு இடையில் அல்ல, பாட்டுகளுக்கு இடையில். அதுவும் புத்தம் புதுப் பாட்டுகள். 60-கள் முழுக்க ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தரப்பு, தனித்தனி இசைக்கோப்பில் பாடியது. ஒருவர் மெதுவாக உருகிப் பாடியதை இன்னொருவர் வேகமாகத் தட்டி எழுப்பலாம். குரலின் கவர்ச்சியைக் கழித்துவிட்டு மெட்டு தன் காலில் நிற்கிறதா என்று கேட்கிறவருக்கே தெரிந்துவிடும். 1964 முதல் வெளிநாட்டுப் பாடகர்களையும் அழைத்தார்கள். பால் ஆன்கா வந்தார், 1968-இல் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே வந்து இத்தாலிய மொழியில் பாடினார்.

1965-இல் பீனோ தொனாஜ்ஜோ தானே மெட்டமைத்த ஒரு பாட்டைப் பாடினார். அமெரிக்கப் பாடகி ஜோடி மில்லரும் அதைப் பாடினார். முதல் பரிசு கிடைக்கவில்லை. அதே விழாவில் பாட வந்திருந்த பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு அதைக் கேட்டுச் சொக்கிப்போனார். ஆங்கில வரிகள் எழுத வைத்துப் பாடினார். 1966-இல் பிரிட்டனில் முதலிடம். அப்புறம் 1970-இல் எல்விஸ் பிரெஸ்லியும் பாடினார். புதுப் பாட்டுக்கு மேடை கொடுத்ததால்தான் இது நடந்தது. நடுவர்களின் தீர்ப்பால் அல்ல.

நம் டி.வி. போட்டிகளில் குழந்தைகள் என்ன பாடுகிறார்கள்? யாரோ எப்போதோ பாடிப் புகழ் பெற்ற சினிமாப் பாட்டுகளை. ஒரு புது இசையமைப்பாளரோ புதுக் கவிஞரோ உள்ளே நுழைய அங்கே கதவே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். அழுகையைக் குறைக்கச் சொல்லி சேனல்களுக்கு எழுதுவதைவிட, வாரம் ஒரு புதுப் பாட்டு, அதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாட வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.