கிரெடிட் கார்டு ஆட்டோ டெபிட் தேதி வங்கி விடுமுறையில் விழுந்தால் பணம் எப்போது எடுக்கப்படும்?

ஈரோட்டில் ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கும் வேறொரு வங்கியின் கிரெடிட் கார்டும் வைத்திருக்கிறீர்கள். கார்டு பில்லுக்கான பணம் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும் ஆட்டோ டெபிட்டும் பதிந்திருக்கிறீர்கள். பில்லுக்குப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வங்கி திறக்கும் திங்கட்கிழமைதான் எடுப்பார்கள் என்று நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையே எடுக்கப்படும் என்று வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் முழுத் தொகையும் கணக்கில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை நாளில்தான் எடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வங்கியின் கார்டுக்கு இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது ‘நாச்’ என்னும் முறையின் வழியாக நடக்கிறது. அது முன்பு வங்கி வேலை நாட்களில் மட்டுமே இயங்கியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை என்ற வேறுபாடின்றி எல்லா நாட்களிலும் இயங்குமாறு ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. பிரிட்டனில் இன்றும் டைரக்ட் டெபிட் தேதி வார இறுதியில் விழுந்தால் அடுத்த வேலை நாளில்தான் எடுக்கிறார்கள். அங்கிருக்கும் உறவினர் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி, நமக்குப் பொருந்தாது. கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால் நாச் தேவையே இல்லை. அந்த வங்கியின் கணினியே எடுத்துக்கொள்ளும், அதற்கும் விடுமுறை கிடையாது. சில வங்கிகள் கடைசித் தேதிக்கு முன்பாகவே எடுத்துவிடுவதும் உண்டு.

நான் திருப்பூரில் சிறு பனியன் கம்பெனிகளுக்கும், அவர்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். இந்த மாற்றத்தால் நம் பகுதிக்காரர்கள் அடிபடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன், ஏனென்றால் விடுமுறையில் பணம் எடுப்பது நிற்பதில்லை. நமக்கு வர வேண்டிய பணம்தான் நின்றுபோகிறது. மூடிய கிளையில் செக் போட முடியாது. 2025 அக்டோபர் முதல் வேலை நாளில் போட்ட செக் பெரும்பாலும் அன்றைக்கே பாஸ் ஆகிவிடுகிறது என்றாலும், சனிக்கிழமை மாலையில் பார்ட்டி கொடுக்கும் செக் திங்கட்கிழமை வரை வெறும் காகிதம்தான். 2026 பொங்கலின்போது ஜனவரி 15, 16, 17 ஆகிய மூன்று விடுமுறைகளோடு 18ஆம் தேதி ஞாயிறும் சேர்ந்து நான்கு நாட்கள் கிளைகள் மூடியிருந்தன. அந்த நான்கு நாட்களிலும் ஆட்டோ டெபிட் வரக்கூடிய நிலைதான் இருந்தது.

எனக்குத் தெரிந்த பவர் டேபிள் உரிமையாளர் ஒருவர் சனிக்கிழமை வாரக்கூலி கொடுப்பதற்காகக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் டெபிட் வந்து, பணம் இல்லாமல் திரும்பியது. “ஞாயித்துக்கெழம பேங்கு லீவுங்களே, எப்படிங்க எடுப்பாங்க?” என்று என்னிடம் கேட்டார். டெபிட் திரும்பியதற்குக் கணக்கு வைத்திருந்த வங்கி ஒரு கட்டணம் பிடித்தது. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தது. கையில் பணம் இருந்தும், அது கணக்கில் இல்லாததால் வந்த செலவு அது.

இப்படி நடந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கடைசித் தேதி கழிந்து 3 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் மட்டுமே தாமதக் கட்டணம் போடலாம். நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற கிரெடிட் பீரோவுக்குத் தாமதம் என்று தெரிவிப்பதும் அதன் பிறகுதான். எனவே டெபிட் திரும்பிய குறுஞ்செய்தி வந்த அன்றே யுபிஐ மூலமாகவோ நெட் பேங்கிங் மூலமாகவோ கட்டிவிடுங்கள். நெட் பேங்கிங்கில் வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்தே இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, ஆகவே வங்கி திறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த மூன்று நாட்களை விடுமுறை நீக்கி எண்ணாதீர்கள். நாட்காட்டியில் உள்ளபடியே எண்ணுவதுதான் பாதுகாப்பு. மூன்றாம் நாளைத் தாண்டிவிட்டால் தாமதமான நாட்களின் எண்ணிக்கை நான்காம் நாளிலிருந்து தொடங்காது, பில்லில் உள்ள கடைசித் தேதியிலிருந்தே தொடங்கும்.

வட்டி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த விதி பேசுவது தாமதக் கட்டணம் போன்ற அபராதங்களையும் கிரெடிட் பீரோ பதிவையும் பற்றித்தான். முழுத் தொகை உரிய தேதிக்குள் வராவிட்டால் வட்டியில்லாக் காலம் போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறலாம், பல கார்டுகளில் அது மாதத்திற்கு 3.5 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆட்டோ டெபிட் பதியும்போது குறைந்தபட்சத் தொகை என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இதே கதிதான்: டெபிட் ஒழுங்காக நடக்கும், வட்டியும் ஒழுங்காக ஏறும். உங்கள் பதிவில் முழுத் தொகை என்றுதான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் இப்படி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பில் தேதியையே மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கார்டுதாரருக்குத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்களுக்குச் சம்பளமோ வசூலோ எந்தத் தேதியில் வருகிறதோ, அதிலிருந்து ஐந்தாறு நாட்கள் கழித்துக் கடைசித் தேதி வருமாறு கேளுங்கள்; இடையில் இரண்டாம் சனி, ஞாயிறு என எது வந்தாலும் தாங்கும்.

மூன்று நாட்களுக்குள் கட்டியும் தாமதக் கட்டணம் போட்டிருந்தால், பில்லின் நகல், பணம் கட்டிய நாளும் பரிவர்த்தனை எண்ணும் உள்ள பக்கம் இரண்டையும் இணைத்துக் கார்டு வழங்கிய வங்கிக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி இணையத்திலேயே முறையிடலாம்.