துல்லியம் என்ற சொல்லின் பொருள் என்ன? 'சரி' என்பதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று பிடிபடும். சரிக்கு எதிர் தவறு. துல்லியத்துக்கு எதிர் தோராயம். தோராயமாகச் சொல்வது தவறில்லை. பல நேரம் அதுவே போதும்.

வடமொழியில் 'துல்ய' என்றால் சமமான என்று பொருள். துலாம் ராசி, துலாபாரம் எல்லாம் அதே குடும்பம்தான். நாம் சொல்லும் அளவும் உண்மையான அளவும் சமமாக நிற்பது துல்லியம். அதற்குப் படிகள் உண்டு. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' (π) மதிப்பை 3.14 என்பதைவிட 3.1416 என்பது துல்லியம். அதற்காக, தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் நீண்டாலே துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. 22-ஐ 7-ஆல் வகுத்தால் 3.142857 என்று நீளமாக வரும். பையின் மதிப்போ 3.141592 என்று போகிறது. மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். இந்தச் சொல்லின் முழு அருமையும் தெரிவது ஆய்வகத்தில்தான் என்பேன். மெல்லிய பொருள்களை அளக்க உதவும் திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கிறோம். அதன் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. நான்கு இடத்தில் அளந்தாலும் 0.56 மி.மீ. என்றே வருகிறது. மாணவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கம்பியை எடுத்துவிட்டு கருவியின் இரு முகங்களையும் தொடவைத்துப் பார்த்தால், தலைக்கோலின் (சுழலும் அளவுகோலின்) சுழி, புரிக்கோலின் (நிலையான அளவுகோலின்) கோட்டுக்கு 4 பிரிவு கீழே நிற்கிறது. இது நேர்ச் சுழிப்பிழை, அதாவது கருவி எல்லா அளவையும் 0.04 மி.மீ. கூட்டிக் காட்டுகிறது. 0.04 கழித்தால் 0.52 மி.மீ.தான் விட்டம். நான்கு அளவும் ஒன்றுபோல வந்தது நுட்பம். உண்மை அளவை நெருங்குவதுதான் துல்லியம். பதினோராம் வகுப்புப் பாடநூல் இப்படிப் பிரித்தே சொல்கிறது. பேச்சு வழக்கில் இரண்டுக்கும் துல்லியம் என்றே சொல்லிவிடுகிறோம், அது பரவாயில்லை. அறிவியல் கட்டுரையில் மட்டும் கலக்கக் கூடாது.

இந்தச் சொல் வயலுக்கும் போயிருக்கிறது. 2004 வாக்கில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டத்துக்குத் துல்லியப் பண்ணையம் என்று பெயர். சொட்டுநீர்க் குழாய் வழியே, பயிருக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு நீரும் உரமும் கொடுப்பது. மிகப் பொருத்தமான பெயர்.

அப்புறம், 'குரல் துல்லியமாகக் கேட்கிறது' என்கிறோமே, அங்கே பொருள் தெளிவு. சட்டை உடம்புக்குப் பொருந்தினால் அது கச்சிதம், துல்லியம் என்று யாரும் சொல்வதில்லை. 'பேருந்து துல்லியமாகப் பத்து மணிக்கு வந்தது' என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 'சரியாகப் பத்து மணிக்கு' என்பதே நம் வழக்கம். வந்த நேரத்தை நொடிக் கணக்கில் சொல்வதானால் துல்லியம் என்று தாராளமாக எழுதலாம்.