விசாவுல வந்தவங்க அமெரிக்க அரசியல் பேசலாமா? தம்பி கேட்ட கேள்விக்கு

தம்பி, டெக்சாஸ்ல இர்விங்குக்கு ஹெச்-1பி வேலை விசாவுல வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, டிவியைப் போட்டாலே விசா, குடியுரிமை, நாடு கடத்தறதுன்னுதான் ஓடுது, ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல அரசியல் பேசறப்ப வாயைத் திறக்கலாமா கூடாதா, மார்ச்ல பொறக்கப்போற குழந்தைக்கு சிட்டிசன்ஷிப் கிடைக்குமா கிடைக்காதா, இதெல்லாம் பத்தி நீங்க என்னதான்ணா நினைக்கறீங்கன்னு கேட்டிருந்தீங்க. "நமக்கெதுக்குப்பா அரசியல், வந்தமா சம்பாதிச்சமான்னு இரு"ன்னு உங்க மாமா சொன்னதாவும் எழுதியிருந்தீங்க. நான் பிளேனோவுல ரொம்ப வருஷமா இருக்கேன், உங்கள மாதிரி ஹெச்-1பில வந்து, கிரீன் கார்டுக்கு காத்துக்கிடந்து, இப்ப சிட்டிசனாகி ஓட்டும் போடறேன். மனசுல இருக்கறத அப்படியே சொல்றேன். இத எழுதறது 2026 பொங்கல் முடிஞ்ச வாரம், நீங்க படிக்கறப்ப ஏதாவது மாறியிருந்தா அதையும் சேத்துப் பாத்துக்குங்க.

மாமா சொன்னதுல எனக்கு உடன்பாடே இல்ல. நாம இந்த ஊருக்கு வந்ததே மத்தவங்க பண்ணின அரசியலாலதான். 1923ல பகத் சிங் திந்த்னு ஒரு பஞ்சாபி, முதல் உலகப்போர்ல இந்த நாட்டு ராணுவத்துல இருந்தவரு, அவரு குடியுரிமை கேட்டப்ப இந்தியர்கள் வெள்ளைக்காரங்க இல்ல, அதனால தகுதி இல்லன்னு இதே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. 1946 வரைக்கும் அதுதான் நிலைமை. அதுக்கப்புறமும் வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம். 1965ல வந்த குடியேற்றச் சட்டம்தான் கதவைத் திறந்துவிட்டுச்சு, அது சும்மா வரல, கறுப்பின மக்கள் தெருவுல அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி வாங்கின சிவில் உரிமைகளோட சூட்டுலதான் அந்தச் சட்டமும் பாஸாச்சு. அவங்க போட்ட சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு நமக்கெதுக்கு அரசியல்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சரி, உங்க குழந்தை விஷயம். 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவி ஏத்த அன்னிக்கே ஒரு எக்ஸிகியூட்டிவ் ஆர்டர்ல, அதாவது அதிபரோட நேரடி உத்தரவுல, கையெழுத்துப் போட்டாரு. அம்மா சட்டவிரோதமாவோ தற்காலிக விசாவுலயோ இருந்து, அப்பாவும் சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லைன்னா, இங்க பொறந்தாலும் குழந்தைக்கு குடியுரிமை கிடையாதுங்கறதுதான் அது. நீங்க ஹெச்-1பி, உங்க வீட்டுக்காரம்மா உங்களோட வந்த ஹெச்-4 குடும்ப விசா, அப்ப நேரா உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கற ஆர்டர். ஆனா மூணே நாள்ல சியாட்டில்ல ஒரு ஜட்ஜ், டிரம்ப் கட்சிக்காரரே ஆன அதிபர் ரீகன் காலத்துல நியமிக்கப்பட்டவரு, அதை நிறுத்திட்டாரு. ஜூன் கடைசியில சுப்ரீம் கோர்ட், கீழ்க்கோர்ட் ஜட்ஜுங்க நாடு முழுக்க தடை போடறதுக்கு கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு, அன்னிக்கு நம்ம வாட்ஸப் குரூப்பெல்லாம் ஒரே அழுகை. ஜூலையில நியூ ஹாம்ப்ஷயர்ல இன்னொரு ஜட்ஜ், குழந்தைங்க எல்லாரையும் ஒரே தரப்பா சேத்து மறுபடி தடை போட்டாரு. டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கேஸையே கையில எடுத்துடுச்சு, தீர்ப்பு இனிமேதான். இன்னி வரைக்கும் அந்த ஆர்டர் ஒரு நாள் கூட அமலுக்கு வரல, அத முதல்ல உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க.

இதுல என் கருத்து என்னன்னா, அந்த ஆர்டர் தப்பு, முழுத் தப்பு. 1868ல வந்த பதினாலாவது திருத்தம் இங்க பொறந்தவங்க சிட்டிசன்னு சொல்லுது. வாங் கிம் ஆர்க்னு ஒரு சமையல்காரர், சான் பிரான்சிஸ்கோவுல பொறந்தவரு, அப்பா அம்மா சீனாக்காரங்க. சீனாக்காரங்க சட்டப்படி சிட்டிசனே ஆக முடியாத காலம் அது. அவரு 1895ல சீனாவுக்குப் போய்ட்டு திரும்பி வந்தப்ப நீ சிட்டிசன் இல்லன்னு இறங்கவிடாம கப்பல்லயே வெச்சிருந்தாங்க, அவரு கேஸ் நடத்தி 1898ல ஜெயிச்சாரு. அவரோட அப்பா அம்மா நிலைமையும் நம்ம நிலைமையும் எவ்வளவு கிட்டன்னு யோசிச்சுப் பாருங்க, வரி கட்டிக்கிட்டு, வேலை செஞ்சுக்கிட்டு, கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம்னு இருக்கற கோட்டாவால ஆயுசு பூரா கியூல நிக்கறோம். அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு உங்க குழந்தைக்கு ஒரு பிடி இருந்திருக்காது.

அடுத்து ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவிக்கறாங்க, சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டு அடிச்சு ஞாயிறு பொறந்ததும் அமல். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு திருக்கடையூர் போயிருந்தான். சனிக்கிழமை காலையில, கலசத்துத் தண்ணிய அப்பா அம்மா தலையில ஊத்திக்கிட்டு இருக்கறப்ப கம்பெனியில இருந்து மெயில், உடனே திரும்பி வா, கெடுவுக்குள்ள அமெரிக்காவுல இருக்கணும்னு. ஈர வேட்டியோட கார்ல ஏறி சென்னை ஏர்போர்ட், கேட்ட விலைக்கு டிக்கெட், தோஹாவுல இறங்கி ஃபோனை ஆன் பண்ணினா இது புது மனுக்களுக்குத்தான், ஏற்கனவே விசா இருக்கறவங்களுக்கு இல்ல, வருஷா வருஷம் கட்டறதும் இல்ல, ஒரே தடவைதான்னு வெள்ளை மாளிகை விளக்கம் குடுத்திருக்கு. அவங்கம்மா இன்னமும் அந்த சாப்பாட்டுப் பந்தியப் பத்தி சொல்லி அழறாங்க. ஹெச்-1பில கோளாறே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு 85,000 இடத்துக்கு ஒரே ஆளுக்கு நாலு கம்பெனி பேர்ல மனு போட்டவங்க, ஆளைக் கூட்டிட்டு வந்து பெஞ்ச்ல, அதாவது வேலையும் சம்பளமும் இல்லாம, உக்கார வெச்சவங்க, எல்லாம் நம்ம ஆளுங்கதான், அத திருத்தத்தான் வேணும். ஆனா திருத்தறதுன்னா ஏமாத்தற முதலாளியப் பிடிக்கணும். ஒரு லட்சம் டாலர்னா சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் கூட கிடைக்கமாட்டாரு, பெரிய கம்பெனி பாட்டுக்கு வேலையையே ஹைதராபாத்துக்கோ சென்னைக்கோ மாத்திட்டுப் போயிடும். இதுல இந்த நாட்டுத் தொழிலாளிக்கு என்ன லாபம்னு எனக்குப் புரியவே இல்ல.

நீங்க பயப்படறதுல பாதி, நியூஸை எப்படிப் படிக்கறதுன்னு தெரியாததாலதான். ஒரு எம்பி "ஹெச்-1பியை ஒழிக்க மசோதா கொண்டு வரப்போறேன்"னு போஸ்ட் போட்டா நம்ம குரூப்ல விசா ரத்துன்னு வந்துடும். மசோதா எந்த எம்பி வேணா போடலாம் தம்பி, ஹவுஸ்ல பாஸாகணும், செனட்ல பெரும்பாலும் அறுபது ஓட்டு வேணும், அது கிடைக்காததாலதான் போன அக்டோபர் 1ல இருந்து 43 நாள் கவர்ன்மென்ட்டே மூடிக்கிடந்துச்சு. அப்படி மூடினது மட்டும் நம்மள நேராத் தொட்டுச்சு, தொழிலாளர் துறை, ஹெச்-1பி மனுவுக்கு வேணும்கற எல்சிஏ, கிரீன் கார்டுக்கு வேணும்கற பெர்ம் எதையும் அக்டோபர் பூரா வாங்கல, வேலை மாற இருந்தவங்க அப்படியே மாட்டிக்கிட்டாங்க. அதனால எந்த நியூஸ் வந்தாலும் இது வெறும் பேச்சா, மசோதாவா, ஃபெடரல் ரெஜிஸ்டர்ங்கற அரசாங்க கெஜட்ல வந்த விதியா, கையெழுத்தான ஆர்டரா, கோர்ட் நிறுத்தி வெச்சிருக்கான்னு மட்டும் கேளுங்க. சம்பளம் கூட இருக்கறவங்களுக்கு ஹெச்-1பி லாட்டரியில அதிக வாய்ப்புன்னு டிசம்பர் கடைசியில வந்ததே, அது விதி, பிப்ரவரி 27ல அமலுக்கு வருது, அத உங்க தம்பி தங்கச்சி யாராவது வர்றதா இருந்தா சீரியஸா எடுத்துக்கணும்.

வாயைத் திறக்கலாமான்னா, திறக்கலாம், ஆனா கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு. ஓட்டுப் போடறதும், தேர்தலுக்கு பணம் குடுக்கறதும் விசாவுல இருக்கறவங்களுக்கு குத்தம். கிரீன் கார்டு வந்தா பணம் குடுக்கலாம், ஓட்டு அப்பவும் கிடையாது. டிபிஎஸ் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுக்கறப்ப ஃபார்ம்ல வாக்காளரா பதிஞ்சுக்கறீங்களான்னு ஒரு கட்டம் இருக்கும், கவுண்டர்ல இருக்கறவங்க மளமளன்னு கேட்டுக்கிட்டே போவாங்க, அவசரத்துல யெஸ்னு தலையாட்டிடாதீங்க, அந்த ஒரு டிக் பின்னாடி சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல வந்து நிக்கும். ஜூரி டியூட்டிக்கு கடுதாசி வந்தாலும் தூக்கிப் போடாம, சிட்டிசன் இல்லன்னு டிக் பண்ணி திருப்பி அனுப்பிடுங்க.

ஆபீஸ்ல முதல்ல கேளுங்க. டெக்சாஸ்ல தொகுதி எல்லையை மாத்தினது, நவம்பர் 3ல வர்ற மிட்டெர்ம், அதாவது அதிபர் பதவிக்காலத்துக்கு நடுவுல வர்ற காங்கிரஸ் தேர்தல்னு அவங்க பேசறப்ப நீங்க கேள்வி கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க, ரெண்டு பக்கத்துக்காரங்களும்தான். பேச்சுரிமை அரசாங்கத்துக்கிட்ட இருந்துதான் காப்பாத்தும், தனியார் முதலாளிகிட்ட இருந்து இல்ல, அத மட்டும் ஞாபகத்துல வெச்சுக்குங்க. சோஷியல் மீடியா வேற கதை. டிசம்பர் 15ல இருந்து ஹெச்-1பி, ஹெச்-4 ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்ல விசா குத்தி வாங்க தூதரகத்துக்கு, போறவங்களும் கணக்கை எல்லாம் பப்ளிக்கா வெக்கணும்னு ஆயிடுச்சு. காலேஜ் பத்திரிகையில கட்டுரை எழுதின ஒரு துருக்கி மாணவியை போன வருஷம் தெருவுலயே பிடிச்சுட்டுப் போனாங்க. கருத்துச் சுதந்திரத்தை உலகத்துக்கே சொல்லிக்குடுத்த நாடு இப்படிப் பண்றது எனக்கு உண்மையிலேயே வலிக்குது. ஆபீசர் முகத்தைப் பாத்து உங்களால சொல்ல முடியற கருத்தா இருந்தா தைரியமா எழுதுங்க, கோவத்துல ஃபார்வர்ட் பண்றதை மட்டும் நிறுத்துங்க.

இன்னொண்ணு சொல்லணும், இது நம்ம ஆளுங்களப் பத்தி. சிட்டிசன் ஆனதும் "இனிமே வர்றவங்கள நிறுத்தணும், கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு பார்ட்டியில பேசறவங்களை நீங்க சீக்கிரமே பாப்பீங்க. ஆறு கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்ததும் நீ யாரோ நான் யாரோன்னு சொல்றது இவங்களுக்குத்தான். அதே மாதிரி துளசேந்திரபுரத்து வேர் இருக்குன்னு கமலா ஹாரிஸுக்கோ, தமிழ் பேசற குடும்பம்னு ரிபப்ளிகன் கட்சி விவேக் ராமசாமிக்கோ கண்ணை மூடிக்கிட்டு கொடி பிடிக்கறதும் வேண்டாம். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா பேசறவங்க, நம்ம ரத்தம்னு பாத்தா எதையும் முடிவு பண்ண முடியாது.

உங்க வேலை இப்போதைக்கு இதுதான்: டெலிவரி முடியற வரைக்கும் ஸ்டாம்பிங்குக்கு இந்தியா போகாதீங்க, சென்னையில டிசம்பர்ல இருந்த அப்பாயின்ட்மென்ட்டே மார்ச்சுக்கும் அதுக்கப்புறமும் தள்ளிப் போயிருக்கு, போனா மாட்டிக்குவீங்க. குழந்தை பொறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே பர்த் சர்டிபிகேட், சோஷியல் செக்யூரிட்டி ரெண்டுக்கும் பேப்பர் தருவாங்க, பேரோட ஸ்பெல்லிங்கை ரெண்டு தடவை பாத்து குடுங்க. சர்டிபிகேட் கைக்கு வந்ததும் போஸ்ட் ஆபீஸ்ல பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணிடுங்க, ரெண்டு பேரும் நேர்ல போகணும், குழந்தையும் கூட இருக்கணும். போஸ்ட் ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னா சொல்லுங்க, பிளேனோ பக்கம் நான் பாத்துத் தர்றேன்.